ஒரே பேரிங்குக்கு மூன்று விலை: பைக் உதிரிபாகங்களில் டீலர் விலையும் வெளி விலையும் ஏன் இப்படி விலகுகின்றன?

பின் சக்கரத்து பேரிங் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். டீலரிடம் கேட்டால் ஒரு விலை. பேரிங் மட்டுமே விற்கும் கடையில் அதில் பாதிகூட இல்லை. ஆன்லைனில் தேடினால் அதிலும் பாதி. மூன்றையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மூன்றிலும் பொறித்திருப்பது 6203 என்ற அதே எண். உடனே வரும் சந்தேகம் இரண்டு: டீலர் அநியாயத்துக்கு ஏற்றி விற்கிறார், இல்லையென்றால் ஆன்லைனில் இருப்பது போலி. இரண்டும் நடப்பதுண்டு. ஆனால் இரண்டுமே இல்லாமல் மூன்று விலைக்கும் மூன்று தனிக் காரணம் இருக்கவும் நிறைய வாய்ப்பு உண்டு, அந்தக் காரணங்கள் புரிந்துவிட்டால் எந்தப் பாகத்துக்கு டீலரிடம் போயே ஆக வேண்டும், எதற்குப் போகத் தேவையில்லை என்பது பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

## முதலில் பெயர்களைப் பிரிப்போம்

குழப்பத்தில் பாதி சொல்லால் வருவது. டீலரிடம் வாங்காத எல்லாவற்றையும் ‘டூப்ளிகேட்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அந்த ஒரே சொல்லுக்குள் நான்கு வேறு வேறு பொருட்கள் இருக்கின்றன. கம்பெனி பாகத்தையும் சேர்த்தால் ஐந்து.

1. கம்பெனி பாகம். பைக் கம்பெனியின் பெட்டியில், கம்பெனியின் பாக எண்ணோடு, டீலர் வழியாக வருவது. இதைப் பைக் கம்பெனி தன் தொழிற்சாலையில் செய்தது என்று நினைத்துவிடக் கூடாது. ஃபிரேம், இன்ஜின் வார்ப்பு போன்றவற்றைத் தாண்டினால், பைக்கில் இருக்கும் கணிசமான பாகங்கள் வேறொருவர் செய்துகொடுத்தவை.

2. சப்ளையர் பாகம். அந்த வேறொருவர் தன் சொந்தப் பெயரில், தன் சொந்தப் பெட்டியில் விற்பது. ஸ்பார்க் பிளக்கில் என்ஜிகே, டென்சோ. செயினில் டிஐடி, ஆர்கே. பேரிங்கில் எஸ்கேஎஃப், என்எஸ்கே, கோயோ. பிரேக்கில் நிஸ்ஸின், பிரெம்போ. ஓஇஎம், அதாவது பைக்கில் முதலிலேயே வரும் பாகத்தைச் செய்தவர் என்ற சொல் சரியாகப் பொருந்துவது இவர்களுக்குத்தான், ஆனால் விளம்பரங்களில் அந்தச் சொல்லை யார் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்கிறார்கள். இன்னொன்று, சப்ளையர் எல்லாவற்றையும் வெளியில் விற்பதில்லை. குறிப்பிட்ட ஒரு மாடலுக்கென்றே செய்த பாகத்தைப் பைக் கம்பெனிக்கு மட்டும்தான் தர வேண்டும் என்று ஒப்பந்தம் இருந்தால், அது டீலரிடம் மட்டுமே கிடைக்கும்.

3. வெளி மார்க்கெட் பிராண்ட். உங்கள் பைக்கின் உற்பத்தியில் இவர்களுக்குப் பங்கு இருந்திருக்காது, ஆனால் மாற்றுப் பாகங்களையே தொழிலாக வைத்துப் பல வருடமாகப் பெயர் எடுத்தவர்கள். ஈபிசி பிரேக் பேட், ஹைஃப்ளோஃபில்ட்ரோ ஆயில் ஃபில்டர், ஆல் பால்ஸ் பேரிங் செட் எல்லாம் இந்த வகை.

4. பெயரில்லாத நகல். அசலை அளந்து, அதே வடிவத்தில் யாரோ செய்தது. பெட்டியில் ‘இந்த மாடலுக்குப் பொருந்தும்’ என்று மட்டும் இருக்கும். யார் செய்தது, என்ன உலோகம், எந்தத் தரநிலை என்று எதுவும் இருக்காது.

5. போலி. மேலே சொன்ன ஒருவரின் பெயரையும் பெட்டியையும் திருடி விற்பது.

இதில் ஏமாற்று என்று சொல்லத்தக்கது ஐந்தாவது மட்டும். நான்காவது தன்னை வேறு எதுவாகவும் சொல்லிக்கொள்வதில்லை, அதன் தரம்தான் நமக்குத் தெரியாத விஷயம். இரண்டாவதும் மூன்றாவதும் பல நேரம் கம்பெனி பாகத்துக்குச் சமம், சில நேரம் மேல். இரண்டு முதல் ஐந்து வரை உள்ள நான்கையும் ஒரே சொல்லில் போட்டுப் பேசும்வரை இந்த விலை விவாதம் எங்கும் போய்ச் சேராது.

## டீலர் விலைக்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது

சப்ளையரின் தொழிற்சாலையை விட்டு வெளியே வரும்போது பாகத்துக்கு ஒரு விலை. அங்கிருந்து பைக் கம்பெனி, கம்பெனியின் மையக் கிடங்கு, வட்டாரக் கிடங்கு, கடைசியாக டீலர். ஒவ்வொரு படியிலும் போக்குவரத்து, இடம், ஆள், லாபம் ஏறுகிறது. இது எல்லாருக்கும் தெரிந்த பகுதி, ஆனால் விலையின் பெரும்பங்கை விளக்குவது இது இல்லை.

1. விற்காத பாகத்தை வைத்திருக்கும் செலவு. ஒரு மாடலுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாக எண்கள் இருக்கும். அதில் தினம் கேட்கப்படுபவை சில டஜன் மட்டுமே. மீதி எல்லாம் எப்போதோ ஒருவர் வந்து கேட்பதற்காகக் கிடங்கில் வருடக்கணக்கில் கிடப்பவை, அந்த மாடல் உற்பத்தி நின்ற பிறகும் கிடப்பவை. கியர்பாக்ஸுக்குள் இருக்கும் ஒரு சின்ன வாஷரை வெளி மார்க்கெட்டில் யாரும் செய்யமாட்டார்கள், ஏனென்றால் விற்காது. டீலரிடம் அது கிடைக்கும். அதைக் கிடைக்கச் செய்யும் செலவில் ஒரு பகுதியை நீங்கள் வாங்கும் ஆயில் ஃபில்டர் சுமக்கிறது.

2. போட்டி இல்லாத இடம். விலையை அதிகம் தீர்மானிப்பது இதுதான் என்பது என் கணிப்பு. ஆயில் ஃபில்டரைப் பத்துப் பேர் செய்கிறார்கள், அதனால் கம்பெனியும் ஒரு எல்லைக்கு மேல் ஏற்ற முடியாது. அதே பைக்கின் பக்கவாட்டு பிளாஸ்டிக் பேனலை வேறு யாரும் செய்வதில்லை. அச்சு வார்க்கும் செலவு அதிகம், விற்பனை குறைவு, போதாததற்கு அந்த வடிவத்துக்குப் பல நாடுகளில் வடிவமைப்புப் பாதுகாப்பும் உண்டு. எடை போட்டுப் பார்த்தால் கொஞ்சம் பிளாஸ்டிக், விலையோ ஃபில்டரைப் போலப் பல மடங்கு. செய்யும் செலவைப் பார்த்து வைத்த விலை இல்லை இது. வாங்குபவருக்கு வேறு வழி இருக்கிறதா என்று பார்த்து வைத்தது.

3. பைக்கில் குறையும் லாபம். புது பைக் விற்பனையில் போட்டி கடுமையாக இருப்பதால் டீலருக்கு அதில் நிற்பது குறைவு. கடையை நடத்தும் பணத்தில் நல்ல பங்கு சர்வீஸிலும் பாகத்திலும் வருகிறது.

4. தொகுப்பாக விற்பது. ஒரு கனெக்டர் உருகிவிட்டது, கேட்டால் முழு ஒயரிங் ஹார்னஸ்தான் கிடைக்கும். சுவிட்சுக்குள் ஒரு ஸ்பிரிங் உடைந்தால் முழு சுவிட்ச் தொகுதி. இது திட்டமிட்ட பேராசை என்று எப்போதும் சொல்ல முடியாது, சப்ளையரிடமிருந்தே அது தொகுப்பாகத்தான் வருகிறது, பிரித்து எண் கொடுத்துப் பெட்டி கட்டுவதும் செலவுதான். இருந்தாலும் பணம் கட்டுபவருக்கு வலிப்பது இங்கேதான் அதிகம்.

ஒரு பைக்கின் எல்லாப் பாகத்தையும் தனித்தனியாக டீலரிடம் வாங்கிக் கூட்டினால் புது பைக்கின் விலையைப் போலப் பல மடங்கு வரும். உற்பத்தி வரிசையில் ஒரு கைப்பிடி ஆயிரக்கணக்கில், பெட்டி இல்லாமல், லேபிள் இல்லாமல், அன்றே வந்து அன்றே பொருத்தப்படுகிறது. உதிரிபாகமாக வரும் அதே கைப்பிடி தனியாகக் கட்டப்பட்டு, எண் ஒட்டப்பட்டு, வருடக்கணக்கில் காத்திருந்து, ஒன்றே ஒன்றாக விற்கப்படுகிறது.

## வெளியில் ஏன் மலிவு: நல்ல காரணமும் கெட்ட காரணமும்

நல்ல காரணங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். வெளி மார்க்கெட் பிராண்ட் அதிகம் விற்கும் பாகத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது: ஃபில்டர், பேட், செயின், ஸ்ப்ராக்கெட், பேரிங், கேபிள். கியர்பாக்ஸ் வாஷரைக் கிடங்கில் வைத்திருக்கும் சுமை அதற்கு இல்லை. அடுத்தது, ஒரே பாகம் பல கம்பெனி பைக்குக்குப் பொருந்தும். ஹைஃப்ளோஃபில்ட்ரோவின் எச்எஃப்204 என்ற ஒரே ஃபில்டர் ஹோண்டா, யமஹா, கவாசாகி, டிரையம்ஃப் மாடல்கள் பலவற்றுக்குப் போகிறது. பைக் கம்பெனிகள் அதையே ஆளுக்கு ஒரு பாக எண்ணில் விற்கும்போது இவர்கள் ஒரே எண்ணில் மொத்தமாகச் செய்கிறார்கள், செலவு குறையத்தானே செய்யும்.

கெட்ட காரணம் கண்ணுக்குத் தெரியாதது. ஸ்ப்ராக்கெட்டின் வடிவத்தை அளந்து நகல் எடுத்துவிடலாம், பல்லின் கடினத்தன்மையை அளந்து நகல் எடுக்க முடியாது. எஃகின் தரம், சூடாக்கிக் குளிர்விக்கும் முறை, ஆயில் சீலின் ரப்பர் கலவை, பிரேக் ஷூவில் லைனிங்கை ஒட்டும் பசை, இன்ஜினில் மின்சாரம் உண்டாக்கும் ஸ்டேட்டரின் கம்பி மேல்பூச்சு, இதெல்லாம் கையில் வைத்துப் பார்த்தால் அசல் போலவே இருக்கும். வித்தியாசம் வெயிலிலும் சூட்டிலும் சில ஆயிரம் கிலோமீட்டருக்குப் பிறகும்தான் தெரியும். பெயரில்லாத நகலில் பணம் மிச்சமாவது பெரும்பாலும் இந்த இடங்களில்தான்.

## எண்களைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது

பைக் பாகங்களில் ஒரு பெரிய பங்கு பைக் கம்பெனி கண்டுபிடித்தவையே இல்லை, பொதுத் தரநிலைப் பொருட்கள். அவற்றின் மேல் கம்பெனி பாக எண் ஒரு சட்டை மாதிரி. அதைக் கழற்றினால் உள்ளே பொது எண் இருக்கும், அந்த எண்ணைக் கொண்டு எங்கே வேண்டுமானாலும் வாங்கலாம்.

பேரிங். 6203 என்றால் உள் விட்டம் 17 மிமீ, வெளி விட்டம் 40 மிமீ, அகலம் 12 மிமீ. உலகில் யார் செய்தாலும் இதே அளவு. கடைசி இரண்டு இலக்கம் உள் விட்டத்தைச் சொல்கிறது: 00 என்றால் 10 மிமீ, 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17, 04 முதல் அந்த இலக்கத்தை 5-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும், அதாவது 6204-க்கு 20 மிமீ. எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துகளும் முக்கியம். 2ஆர்எஸ் என்றால் இரண்டு பக்கமும் ரப்பர் சீல், இசட்இசட் என்றால் இரண்டு பக்கமும் தகடு மூடி, சி3 என்றால் உள்ளிடைவெளி சாதாரணத்தை விடக் கொஞ்சம் அதிகம். சி3 கேட்கும் இடத்தில் சாதாரணத்தைப் போட்டால் அளவு கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் சூட்டில் விரியும்போது இறுகும்.

முதலில் சொன்ன மூன்று விலைக்கும் விடை இதிலேயே இருக்கிறது. எண் அளவை மட்டும்தான் உறுதி செய்கிறது. எஃகு எவ்வளவு தூய்மையானது, குண்டு எவ்வளவு துல்லியமாக உருண்டை, உள்ளே என்ன கிரீஸ் என்று அது சொல்வதில்லை. டீலரிடம் இருப்பது நல்ல பேரிங், கூடவே பெட்டியும் கிடங்குச் செலவும். பேரிங் கடையில் இருப்பது பெயர் பெற்ற கம்பெனியின் நல்ல பேரிங், பெட்டிச் செலவு இல்லாமல். மூன்றாவதில் இருப்பது அதே அளவுள்ள ஒரு வளையம், அதற்கு மேல் எந்த உறுதியும் இல்லை. இங்கே பேரிங் கடைதான் சரியான இடம், தயக்கமே வேண்டாம். கிராங்க், கியர்பாக்ஸ் பேரிங்குகள் மட்டும் கவனம், அவற்றில் சில தனி அளவிலோ வெளிவளையத்தில் தனிப் பள்ளத்தோடோ அந்த இன்ஜினுக்கென்றே செய்யப்பட்டிருக்கும்.

செயின். 428, 520, 525, 530. முதல் இலக்கம் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் உள்ள தூரம், அங்குலத்தில் எட்டில் எத்தனை பங்கு என்பது: 4 என்றால் அரை அங்குலம், 12.7 மிமீ, 5 என்றால் எட்டில் ஐந்து, 15.875 மிமீ. அடுத்த இரண்டு இலக்கம் உள் அகலத்தைக் குறிக்கிறது. ஆனால் ஒரே 520-இல் சீல் இல்லாத சாதா செயினும் உண்டு, பின்களில் ரப்பர் வளையம் போட்ட ஓ-ரிங், எக்ஸ்-ரிங் செயினும் உண்டு. ரிங் இருப்பதில் கிரீஸ் உள்ளேயே அடைபட்டிருப்பதால் ஆயுள் பல மடங்கு வரும். டீலரிடம் செயின் செட் விலை அதிகம், வெளியில் குறைவு என்று பேசுகிறவர்கள் பல நேரம் எக்ஸ்-ரிங்கையும் சாதாவையும் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஸ்பார்க் பிளக். என்ஜிகே சிஆர்8இ-ஐப் பிரித்தால்: சி என்றால் 10 மிமீ மரை, ஆர் என்றால் உள்ளே ரெசிஸ்டர், 8 வெப்ப அளவு, இ என்றால் 19 மிமீ மரை நீளம். என்ஜிகே, டென்சோ இரண்டிலும் வெப்ப எண் கூடக் கூட பிளக் குளிர்ச்சி, அதாவது சூட்டை வேகமாகக் கடத்திவிடும். பாஷ், சாம்பியனில் நேர்மாறு, எண் கூடினால் பிளக் சூடு. கம்பெனி மாற்றி வாங்கும்போது எண்ணை மட்டும் பார்த்து அருகில் இருப்பதை எடுத்தால் இன்ஜினுக்குக் கேடு, இணை எண் அட்டவணையைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். இதைச் சரியாகச் செய்தால் பிளக்குக்கு டீலர் விலை கொடுக்கக் காரணமே இல்லை.

பிரேக் பேட். பல பேட்களில் இரண்டு எழுத்து இருக்கும்: எஃப்எஃப், ஜிஜி, எச்எச். முதல் எழுத்து குளிர்ந்த நிலையின் உராய்வு, இரண்டாவது சூடான நிலையின் உராய்வு. எஃப் என்றால் உராய்வுக் குணகம் 0.35-இலிருந்து 0.45, ஜி என்றால் 0.45-இலிருந்து 0.55, எச் அதற்கு மேல். எச்எச் என்பதால் எல்லா பைக்குக்கும் நல்லது என்று அர்த்தமில்லை, மென்மையான பேடுக்காக அமைத்த டிஸ்கில் அது டிஸ்கைச் சீக்கிரம் தின்னும். ஐநாவின் வாகன விதிகளில் 90-ஆவது விதி, ஆர்90 என்பார்கள், மாற்று பேடின் செயல்பாடு அசலிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்று கேட்கிறது. அந்த ஒப்புதல் எண் பேடில் இருந்தால் வெளி பேடை நம்பி வாங்கலாம். எழுத்தும் இல்லை, ஒப்புதலும் இல்லை, பெயரும் இல்லை என்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் தொடாதீர்கள்.

ஆயில் சீல். அதன் முகத்திலேயே மூன்று எண் இருக்கும்: உள் விட்டம், வெளி விட்டம், அகலம். அதைக் கொண்டு சீல் கடையிலேயே வாங்கிவிடலாம். ஆனால் அளவு சரியாக இருந்தும் ரப்பர் வேறாக இருக்கலாம், அதிகச் சூடு படும் இடத்தில் ஃப்ளூரோ ரப்பர் கேட்கும், சாதா நைட்ரைல் அங்கே சீக்கிரம் கெட்டித்துப் போகும். எந்த இடத்துக்கு என்று கடையில் சொல்லி வாங்க வேண்டும்.

ஆயிலும் பிரேக் திரவமும். கிளட்ச் ஆயிலுக்குள்ளேயே மூழ்கியிருக்கும் பைக்குக்கு ஜாசோ எம்ஏ தேவை. 1998-இல் ஜப்பானில் கொண்டுவந்த தரநிலை அது, உராய்வைக் குறைக்கும் கலவை சேர்த்த கார் ஆயில்கள் பைக் கிளட்சை வழுக்க வைத்ததால் பிறந்தது. மேனுவல் கேட்கும் தடிமனும் ஜாசோ எம்ஏ-வும் பாட்டிலில் இருந்தால், பைக் கம்பெனியின் பெயர் அதில் இருக்கிறதா என்பது பெரிய விஷயம் இல்லை. பிரேக் திரவத்தில் டாட் 3, டாட் 4, டாட் 5.1 கிளைக்கால் வகை, டாட் 5 மட்டும் சிலிகான். 5.1-உம் 5-உம் பெயரில் அண்ணன் தம்பி போலத் தெரிந்தாலும் கலக்கவே கூடாது.

பேட்டரி. ஒய்டிஎக்ஸ்9 போன்ற எண் இருந்தால் எந்த பிராண்டிலும் அதே அளவு. இங்கே பார்க்க வேண்டியது உற்பத்தித் தேதி. டீலரின் அலமாரியில் நீண்ட நாள் தூங்கிய பேட்டரியை விட, வேகமாக விற்றுத் தீரும் கடையில் கிடைக்கும் புதியது மேல்.

## எதை எங்கே வாங்குவது

‘டீலரா, வெளியா’ என்று மொத்தமாகக் கேட்டால் விடை வராது. ஒவ்வொரு பாகத்துக்கும் மூன்று கேள்வி கேட்டுப் பார்க்க வேண்டும்.

1. இந்தப் பாகத்தைப் பொதுத் தரநிலை எண் ஒன்றால் முழுமையாகச் சொல்லிவிட முடியுமா?
2. இது தோற்றால் என்ன ஆகும்? ஒரு விளக்கு எரியாமல் போகுமா, ஆள் விழுவாரா?
3. இதை மாற்ற எவ்வளவு கழற்ற வேண்டும்?

மூன்றாவதைத்தான் நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். கேம் செயின், ஹெட் கேஸ்கெட், வாட்டர் பம்ப் சீல், கிளட்ச் பிளேட் எல்லாம் பாக விலையை விடக் கூலி பெரிய இடங்கள். ஃபோர்க் சீலில் மலிவானதைப் போட்டு ஆறு மாதத்தில் மறுபடி கசிந்தால், முன் சக்கரத்தைக் கழற்றி, ஃபோர்க்கை இறக்கி, ஆயிலை வடித்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும், கசிந்த ஆயில் பிரேக் பேடில் பட்டிருந்தால் பேடும் போச்சு. இன்ஜினைப் பிளந்து போடும் எந்தப் பாகத்துக்கும் கம்பெனி பாகம், அல்லது அதைச் செய்துகொடுத்த சப்ளையரின் பாகம். அங்கே மிச்சம் பிடிப்பது மிச்சமே இல்லை.

இரண்டாவது கேள்விக்குச் சட்டென்று நினைவுக்கு வருவது பிரேக் பேட். நான் இன்னும் அதிகம் பயப்படுவது முன் பிரேக் லீவருக்கு. பார்க்க வெறும் உலோகத் துண்டு, நகல் எடுப்பதும் சுலபம். ஆனால் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும் முனை நகலில் கொஞ்சம் நீண்டிருந்தால், லீவரை விட்ட பிறகும் பிஸ்டன் முழுவதும் திரும்பாது, திரவம் தொட்டிக்குத் திரும்பும் துளை மூடியபடியே இருக்கும். ஓட ஓடச் சூடேறி, திரவம் விரிந்து, பிரேக் தானாகவே பிடிக்கத் தொடங்கும். வெளி லீவர் போட்டால் சிறிதளவாவது வெற்று ஆட்டம் இருக்கிறதா என்று விரலால் பார்த்தே ஆக வேண்டும், இல்லையென்றால் வண்டியை எடுக்கக் கூடாது.

மின்சாரப் பாகங்களில், பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் ரெக்டிஃபையர் தனிக்கதை. நகலின் விலை கம்பெனி பாகத்தில் சின்னப் பங்குதான், ஆனால் அது தவறாக வேலை செய்தால் பேட்டரியையும் விளக்குகளையும் சேர்த்து எரித்துவிடும். போட்டவுடன் மல்டிமீட்டரைப் பேட்டரி முனைகளில் வைத்து, இன்ஜினை வேகமாக ஓட்டிப் பாருங்கள். 14, 14.5 வோல்ட் வாக்கில் நின்றால் சரி. 15-ஐத் தாண்டிப் போனால் உடனே கழற்றிவிட வேண்டும். நல்ல வழி, ஷிண்டென்ஜென் போல பைக் கம்பெனிகளுக்கே செய்துகொடுப்பவரின் பாகத்தை அவர் பெயரிலேயே வாங்குவது.

கார்புரேட்டர் நகல்களிலும் இதே தொல்லை. கெய்ஹின் கார்புரேட்டர்களுக்கு வெளியே எத்தனையோ நகல். உடல் பொருந்தும், பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டில் போட்ட எண்ணும் உள்ளே இருக்கும் துளையும் பொருந்தாது. அசல்களிலேயே மிக்குனி 100-உம் கெய்ஹின் 100-உம் ஒன்றல்ல, அளக்கும் முறையே வேறு. வாங்கிய நகலுக்குள் அசல் ஜெட்டையும் ஊசியையும் மாற்றிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதையும் கூட்டினால் விலை வித்தியாசம் பெரிதாக ஒன்றும் நிற்காது.

கண்ணாடி, இண்டிகேட்டர், ஃபுட்ரெஸ்ட் ரப்பர், கைப்பிடி, கிராஷ் கார்டு போன்றவற்றில் தாராளமாக வெளியே போகலாம். அதே சமயம் ஓ-ரிங், காப்பர் வாஷர், இன்ஜின் மூடி கேஸ்கெட், ஒரு தனி போல்ட் போன்ற சில்லறைகளை டீலரிடமே வாங்கிவிடுவது நல்லது, சரியான அளவைத் தேடி அலையும் நேரத்துக்கு அந்த விலை ஒன்றுமே இல்லை.

இன்ஜினைக் கட்டுப்படுத்தும் இசியூ, திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் சாவி, ஒயரிங் ஹார்னஸ், இன்ஜின் வார்ப்புகள், மீட்டர், பேனல். இவற்றுக்குப் புதிதாக டீலர், இல்லையென்றால் உடைத்த பைக்கிலிருந்து எடுத்த பழையது, நடுவில் பெரும்பாலும் எதுவும் இல்லை.

## விலையைக் கிலோமீட்டரால் வகுத்துப் பாருங்கள்

கணக்குக்காக ஒரு கற்பனை. சாதா செயின் செட் 40 அலகு, 10,000 கிமீ ஓடுகிறது. டீலரிடம் எக்ஸ்-ரிங் செட் 100 அலகு, 25,000 கிமீ ஓடுகிறது. இரண்டுக்கும் ஆயிரம் கிலோமீட்டருக்கு 4 அலகுதான், மலிவானது மலிவே இல்லை. மாற்றும் கூலி ஒவ்வொரு முறையும் 15 அலகு என்று சேர்த்தால் சாதா செட் 5.5-க்கு ஏறும், எக்ஸ்-ரிங் 4.6-இல் நிற்கும். இப்போது அதே எக்ஸ்-ரிங் செட்டைச் செய்தவரின் பெட்டியிலேயே 70 அலகுக்கு வாங்கினால் கூலியோடு சேர்த்து 3.4. வெளி மார்க்கெட்டின் உண்மையான லாபம் இந்த மூன்றாவது வழியில் இருக்கிறது, அடிமட்ட விலையில் இல்லை.

## போலியில் மாட்டாமல் இருக்க

போலி எப்போதும் அதிகம் விற்கும் பாகத்தில்தான் வரும்: ஸ்பார்க் பிளக், ஆயில், ஃபில்டர், பேட், பேரிங். பெட்டியின் அச்சு மங்கல், எழுத்துப் பிழை, மரை வெட்டில் பிசிறு, பிளக்கின் நடு எலக்ட்ரோடு சாய்ந்திருப்பது இவையெல்லாம் அறிகுறிகள். ஆனால் நல்ல போலியில் இவை எதுவும் இருக்காது, ஃபில்டரில் உள்ளே காகிதம் எப்படி என்று வெட்டாமல் தெரியவும் தெரியாது. அதனால் பொருளைச் சோதிப்பதை விட வழியைச் சோதிப்பது பலன் தரும்: பாகத்தைச் செய்பவரின் அங்கீகரித்த விற்பனையாளரா, பில் தருகிறாரா, திரும்ப எடுப்பாரா? சப்ளையரின் பெயரில் வரும் பாகம் வழக்கமான சப்ளையர் விலையிலேயே பாதிக்கு வந்தால், அந்தப் பாதி எங்கே குறைந்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

## வாரண்டி போய்விடுமா?

வெளி பாகம் போட்டாலே வாரண்டி ரத்து என்று கவுன்டரில் சொல்வது சகஜம். இது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டு மேக்னசன்-மாஸ் சட்டப்படி, தன் பெயருள்ள பாகத்தைப் போட்டால்தான் வாரண்டி என்று கம்பெனி நிபந்தனை வைக்கக் கூடாது, அந்தப் பாகத்தை இலவசமாகத் தந்தால் தவிர. பெரும்பாலான இடங்களில் ஒன்று பொது: வெளி பாகமே பழுதுக்குக் காரணம் என்று தெரிந்தால் அந்தப் பழுதுக்கு வாரண்டி கிடைக்காது. வெளி ஃபில்டர் கழன்று ஆயில் கொட்டி இன்ஜின் போனால் கம்பெனி கட்டாது, ஆனால் அந்த ஃபில்டரைக் காட்டி மீட்டர் பழுதுக்குத் தட்டிக்கழிப்பதில் நியாயமில்லை. வாரண்டி காலத்தில் எல்லா பில்லையும், ஆயில் தரநிலை எழுதிய ரசீதையும் சேர்த்து வைத்திருங்கள்.

## பாக விலை பைக்கின் ஆயுளையே முடிவு செய்யும்போது

இந்த விலைகள் பழுது பார்க்கும் நாளோடு முடிவதில்லை. சின்னதாக ஒரு முறை சாய்ந்த பைக்கைக் காப்பீட்டு நிறுவனம் முழு இழப்பு என்று எழுதுவதைப் பார்த்துப் பலர் திகைக்கிறார்கள். ஃபிரேமும் இன்ஜினும் நன்றாகவே இருக்கும். ஆனால் பேனல்கள், மீட்டர், ஹெட்லைட் எல்லாவற்றையும் டீலர் விலையில் கூட்டினால் பைக்கின் சந்தை மதிப்பை நெருங்கிவிடும், மதிப்பீட்டாளர் அந்தக் கூட்டலைத்தான் பார்க்கிறார். போட்டி இல்லாத பாகத்தின் விலை, ஓடக்கூடிய பைக்கையே உடைக்கும் இடத்துக்கு அனுப்புகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் திருத்திய வடிவமைப்புச் சட்டத்தில், பழுது நீக்க அசல் வடிவத்திலேயே இருந்தாக வேண்டிய பாகங்களுக்கு வடிவமைப்புப் பாதுகாப்பு பொருந்தாது என்று விதி வைத்திருப்பதன் பின்னணியில் இருப்பதும் இந்தப் போட்டியின்மைதான். அப்படிப்பட்ட விதி உள்ள இடத்தில் பேனலையும் ஹெட்லைட்டையும் வெளியாட்கள் செய்ய வழி திறக்கிறது.

பழைய பைக் வைத்திருப்பவருக்குத் தொல்லை வேறு. கம்பெனி ஒரு பாகத்தை நிறுத்தும்போது சில நேரம் புது எண்ணுக்கு மாற்றிவிடும், பழைய எண்ணைத் தேடிவிட்டு ‘கிடைக்காது’ என்று திரும்புகிறவர் புது எண்ணைக் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். டீலரிடம் பாகப் பட்டியலில் மாற்று எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு, அதே எண் வேறு எந்த மாடல்களில் வருகிறது என்றும் கேளுங்கள். அதிகம் விற்ற மாடலிலும் அந்தப் பாகம் இருந்தால் வெளி மார்க்கெட்டில் அந்த மாடலின் பெயரில் அது மலிவாகக் கிடைத்துக்கொண்டிருக்கும். எந்த வழியும் இல்லாமல் நிஜமாகவே நின்றுபோன பாகங்களும் உண்டு, அவற்றைக் கடைசி இருப்பு தீரும் முன் வாங்கி வைப்பவர்கள் வைக்கிறார்கள். ரப்பர் பாகத்தை மட்டும் அப்படிச் சேர்த்து வைப்பதில் பயனில்லை, பெட்டிக்குள்ளேயே கிடந்தாலும் அது வருடத்தோடு கெட்டித்துவிடும்.